தாத்தாவின் துப்பாக்கிக்கு மூணு துரு!

இங்கிலீஷ் படங்களில் பார்த்திருப்பீர்கள். வில்லன் கும்பல் வீட்டைச் சூழ்ந்து நிற்கும். ஹீரோ ஒரு வார்த்தை பேசமாட்டார். கையிலிருக்கும் நீளத் துப்பாக்கியின் முன்கட்டையைப் பிடித்துப் பின்னால் ஓர் இழுப்பு, முன்னால் ஒரு தள்ளு. 'ஷ்ளக்... ஷ்ளக்!' அவ்வளவுதான். பாதிப் பேர் அந்தச் சத்தத்துக்கே ஓட்டம் பிடிப்பார்கள். தியேட்டரில் விசில் பறக்கும்.

அதற்குப் பெயர் பம்ப் ஆக்‌ஷன். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப் மாதிரியே இழுப்பும் தள்ளும். இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அமெரிக்காவின் ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 மாடல் இந்த வம்சத்தில் ரொம்பப் பிரபலம். 1897-ல் ஆரம்பித்து 1957 வரை பத்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் இதைப் பதுங்குகுழிச் சண்டைக்கு எடுத்துப்போக, இது யுத்த தர்மத்துக்கு விரோதம் என்று 1918-ல் ஜெர்மனி முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தது. விஷவாயு விட்டவர்கள் கொடுத்த புகார்!

மதுரை மண்ணில் பம்ப் அபூர்வம். மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், அது பெரும்பாலும் 12 போர் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல்தான். (12 போர் என்றால் பன்னிரண்டு சண்டை பார்த்தது என்று அர்த்தமில்லை. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகப் பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் குழலின் வாய் அகலம். சுமார் 18.5 மில்லிமீட்டர்.)

எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். தாத்தா காலத்தில் கூடத்துச் சுவரில் கம்பீரமாகத் தொங்கியது, அப்பா காலத்தில் பீரோவுக்கு மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. இப்போது அது பேரன் தலையில். பேரனோ, காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் பிடித்து ஆபீஸ் போகிற ஆள். அவருக்குத் தெரிந்த ஒரே 'ஷூட்டிங்' சினிமா ஷூட்டிங்.

அந்தப் பேரனுக்குத்தான் இந்தக் கட்டுரை. பழைய துப்பாக்கிக்குப் பிடிக்கிற துரு மூன்று. காகிதத்தில் ஒன்று, மண்டையில் ஒன்று, குழலில் ஒன்று. முதல் துரு உத்தியோகத்தைத் தின்னும். இரண்டாவது உயிரைத் தின்னும். மூன்றாவது துப்பாக்கியைத் தின்னும். எல்லோரும் மூன்றாவதில் ஆரம்பிக்கிறார்கள். அங்கேதான் வருகிறது வினை!

காகிதத் துரு

துணியும் எண்ணெயும் எடுப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து லைசென்ஸ் புத்தகத்தை எடுங்கள்.

நம் சீமைக்கும் இந்தப் புத்தகத்துக்கும் பழைய கணக்கு உண்டு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பெனி சர்க்கார், அதே வருஷம் டிசம்பரில், தெற்கத்திப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை போட்டது. 1878-ல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைக் குடிமகனின் உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தார்கள். சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டமும் வந்தது. அந்த உரிமை மட்டும் வரவில்லை. 1959-ல் வந்த ஆயுதச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பு. ஆக, துப்பாக்கி உங்கள் குடும்பத்துச் சொத்தாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டில் வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி.

"லைசென்ஸ் தாத்தா பேர்ல இருக்கே, அது போதாதாண்ணே?"

போதாது தம்பி. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. குடும்பத்துக்கே ஒன்றாக வைத்துக்கொள்ள அது என்ன ரேஷன் கார்டா? தாத்தா கண்ணை மூடியதும், அந்தத் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அப்புறம் வாரிசு பேரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காரியம் முடிந்து மூன்று வருஷமாகப் பீரோ மேலேயே கிடக்கிறதென்றால், அதைத் தொட்டுத் துடைப்பது பராமரிப்பு இல்லை ஸார், குற்றம்!

2016-ல் வந்த ஆயுத விதிகளில் ஒரு நல்ல வழி இருக்கிறது. தாத்தா இறந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்பதில்லை. அவருக்கு 70 வயதாகிவிட்டாலோ, 25 வருஷமாகத் துப்பாக்கி அவரிடம் இருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டும். வரப்புத் தகராறில் பேசாமலிருக்கும் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்குவதுதான் இதில் நிஜமான வீரதீரச் செயல். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

"நூறு வருஷத்துப் பழசு ஸார். மியூசியம் பீஸ். இதுக்கெல்லாமா லைசென்ஸ்?"

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பழசுக்குச் சட்டம் விலக்கு கொடுப்பது நிஜம். ஆனால் 45-வது பிரிவு போடும் நிபந்தனையைக் கவனியுங்கள். ரிப்பேர் செய்யாமலும் சரி, ரிப்பேர் செய்தாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். குதிரை உடைந்திருக்கிறது, ஸ்பிரிங் போய்விட்டது என்பதெல்லாம் போதாது. மாற்றிப் போட்டால் சுடும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது முழுத் துப்பாக்கி. வயசானாலும் புலி புலிதான்!

2019-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். ஓர் ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. பரம்பரைச் சொத்து என்றாலும் இதே கணக்கு. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை ஜெயில், கூடவே அபராதம். பேங்க் வேலையோ சர்க்கார் வேலையோ பார்க்கிறவர் இந்த வாக்கியத்தை இன்னொரு தரம் படிக்கவும்.

புத்தகத்தில் யு.ஐ.என். என்கிற அடையாள எண் இருக்கிறதா, புதுப்பிக்கும் தேதி என்றைக்கு, துப்பாக்கி மேல் பொறித்திருக்கும் நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா? இவற்றைச் சரிபாருங்கள். எதிலாவது சந்தேகமென்றால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. துடைப்பது, எண்ணெய் போடுவது உங்கள் வேலை. ரிப்பேர் உங்கள் வேலை அல்ல. துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். தெரு முனை லேத் பட்டறையில் கொடுத்து 'ஒரு சின்ன வெல்டிங்' என்று ஆரம்பித்தால், பட்டறைக்காரரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். அனுமதியில்லாமல் குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் பெரிய குற்றம்.

மண்டைத் துரு

புத்தகம் சரி. இனித் துப்பாக்கியை எடுக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்!

'துப்பாக்கியைத் துடைத்தபோது குண்டு பாய்ந்து பலி' என்று பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். நாமும் உச்சுக்கொட்டிவிட்டு சினிமாப் பக்கம் புரட்டிவிடுவோம். அந்த நாலு வரிக்குள் எப்போதும் ஒளிந்திருப்பது ஒரே வசனம்: "காலின்னு நினைச்சேன்..."

இரட்டைக் குழலில் இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. இடுப்பில் ஒடித்தால் இரண்டு ஓட்டையும் கண்ணுக்கு நேரே தெரியும். பம்ப் அப்படியல்ல. குழலுக்குக் கீழே இன்னொரு குழல் இருக்கிறதே, அதுதான் தோட்டா வைக்கும் இடம். வின்செஸ்டர் 1897-ல் அதற்குள் ஐந்து தோட்டா பிடிக்கும். ஓர் இழுப்பு இழுக்கிறீர்கள். ஒரு தோட்டா வெளியே விழுகிறது. 'அப்பாடா, காலி!' என்று முன்கட்டையைத் தள்ளுகிறீர்கள். கீழே காத்திருந்த அடுத்த தோட்டா சத்தமில்லாமல் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது. காலி செய்த கையே நிரப்பியும் வைத்துவிட்டது!

அந்த 1897 மாடலுக்கு ஒரு கெட்ட குணம் வேறு உண்டு. விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்கட்டையைத் தள்ளினால், மூடிய மாத்திரத்தில் வெடிக்கும். போர்க்களத்தில் அது வசதி. ஒத்தக்கடை வீட்டுத் திண்ணையில் அது விபரீதம்.

ஆகவே சில சம்பிரதாயங்கள்:

முதலில், தோட்டா எல்லாம் வேறு அறைக்குப் போக வேண்டும். துடைக்கிற மேஜையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

குழலின் வாய் மனிதர் இல்லாத திசையைப் பார்த்தே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரும் மனிதர் இருக்கும் திசைதான்.

விரல் விசைப் பக்கமே போகக் கூடாது. அது துப்பாக்கியைத் தூக்குகிற கைப்பிடி அல்ல.

திறந்து கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பம்ப் என்றால் கீழ்க்குழலையும் பாருங்கள். பார்த்த பிறகு இன்னொரு தரம் பாருங்கள். டீ குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் பாருங்கள். கேலி செய்கிறவர் செய்யட்டும்.

எப்படித் திறப்பது, எப்படிக் காலி செய்வது என்று தெரியவில்லையா? வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடலுக்கு மாடல் வழி வேறு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒரு தரம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

தாத்தா விட்டுப்போன பழைய தோட்டாக்கள் சில வீடுகளில் இருக்கும். அட்டைக் கூடு ஈரத்தில் ஊதிப் போயிருக்கும். தீபாவளி வெடியை மொட்டை மாடியில் காயவைக்கிற பழக்கத்தில் இதையும் வெயிலில் பரப்பிவிடாதீர்கள்! துடைக்கவும் வேண்டாம், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். புதுத் தோட்டாவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவுக்காகச் செய்தது. இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர். உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலின் மேல் பாய் பின்னினாற்போல் வரி வரியாகத் தெரிகிறதா? அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். கருமருந்து காலத்துச் சரக்கு. இன்றைய தோட்டாவை அது தாங்கும் என்று நம்பவே கூடாது.

குழல் துரு

இப்போது வேலைக்கு வருவோம்.

முதல் விரோதி குளவி! ஓட்டை எங்கே கண்டாலும் மண்ணை அப்பிக் கூடு கட்டுவது அதன் பிறவிக் குணம். சுவரில் தொங்கும் துப்பாக்கிக் குழல் அதற்கு மாடி வீடு. மண் அடைத்த குழலில் சுட்டால் குழல் வீங்கும், இல்லை கிழியும். ஆகவே முதல் காரியம், குழல் முழுக்க அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. சில பம்ப் மாடல்களில் குழலைத் தனியே கழற்றலாம். அப்படியென்றால் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பார்த்தால் போதும். கழற்ற வராதென்றால் துப்புரவுக் கம்பியை மெள்ள விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது விரோதி உப்பு. பழைய காலத்துத் தோட்டாக்களின் கேப் வெடித்ததும், குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். நம் சமையலறை உப்பு மாதிரியே அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கருமருந்துக் கரியும் அப்படித்தான். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. மூடி மட்டும் வைக்கும். மூடிய எண்ணெய்க்குக் கீழே துரு நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். உப்பைக் கரைக்கிற ஒரே ஆசாமி தண்ணீர். கழற்றிய குழலில் சோப்பு கலந்த வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். "துப்பாக்கிக்குத் தண்ணியா?" என்று வீட்டில் அலறினாலும் கவலைப்படாதீர்கள்.

கம்பியை எப்போதும் பின்பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகவே தள்ளுங்கள். அழுக்கு இயந்திரத்துக்குள் போகாது. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி பிரஷ் நாலைந்து தரம். அப்புறம் துணி. நாலு தரம் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டிக்கு இணையான துணி கிடையாது. சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை தள்ளுங்கள். கடைசித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய்.

என்ன எண்ணெய்? தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய தாது எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் ஆகாது. இதற்குக் காரணம் உங்கள் வீட்டுத் தோசைக்கல்லிலேயே இருக்கிறது. நல்லெண்ணெய் தடவித் தடவிச் சூடாக்கினால் கல்லின் மேல் கறுப்பாக, வழவழப்பாக ஒரு தோல் படிகிறதல்லவா? தோசை ஒட்டாமல் வர அது வேண்டும். துப்பாக்கியின் ஸ்பிரிங்கிலும் குதிரையிலும் அப்படித் தோல் படிந்தால் அசைய வேண்டியது அசையாது. அளவும் முக்கியம். துப்பாக்கிக்கு வேண்டியது எண்ணெய்ப் பூச்சு. தீபாவளி ஸ்நானம் இல்லை!

மேலே குழலின் கருநீல நிறம் இருக்கிறதே, அதுவே ஒரு வகைத் துருதான். நல்ல துரு! எஃகின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கிய அந்தக் கறுப்புத் தோல் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு சிவப்புத் துருவைத் தடுக்கிறது. 'பளபளன்னு ஆக்கிடறேன்' என்று உப்புத்தாளும் பிராஸோவுமாக இறங்கினால் காவல்காரனை அடித்துத் துரத்திவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்தாற்போல. சிவப்புப் பொட்டு தெரிகிறதா? எண்ணெயில் ஊறவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, எஃகைவிட மெத்தென்ற ஒன்றால் சுரண்டுங்கள். பாட்டியின் சுருக்குப்பையில் கிடக்கும் ஓட்டைக் காலணா போதும். துரு போகும், எஃகில் கீறல் விழாது. செல்லாக் காசுக்கும் ஒரு வேலை!

பம்ப் துப்பாக்கியின் வயிற்றுக்குள் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் உள் பாகங்கள் கைக்கடிகாரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டவை. பழைய திருகாணிகளின் வெட்டு மெல்லியது. சைக்கிள் கடை ஸ்குரூ டிரைவர் பட்டால் வெட்டு சிதைந்துவிடும். திறந்த வாய் வழியாகத் துடைக்க முடிந்ததைத் துடையுங்கள். மீதிக்கு லைசென்ஸ் உள்ள மெக்கானிக்.

பின்கட்டை வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெய் சில சொட்டு, உள்ளங்கையால் தேய்த்துவிடுங்கள். ஆனால் அந்தத் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். கசக்கிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு குழலைக் கையால் தொடாதீர்கள். சித்திரை வெயிலில் மதுரைக்காரர் கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? வேர்வை உப்பு. தொட்ட இடத்தில் கைரேகையே துருவாக முளைக்கும். தோல் உறையில் போட்டு வருஷக்கணக்கில் மூடி வைப்பதும் தப்பு. தோல் ஈரத்தை விடாது. உலர்ந்த பீரோ, சிலிகா ஜெல் பொட்டலம், நல்ல பூட்டு. படுக்கவைப்பது நல்லது. நிறுத்துவதானால் வாய் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து கட்டையில் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஸ்டேஷனில் அது நூற்றில் ஒன்றாக வாரக்கணக்கில் நிற்கும். அங்கே யாரும் அதற்கு எண்ணெய் தேய்த்துவிடப் போவதில்லை. கொடுப்பதற்கு முன்தினம் ஒரு பூச்சு, திரும்பி வந்த அன்றே ஒரு துடைப்பு. ரசீது பத்திரம்.

எப்போதோ ஒரு தரம் என்றால் மறந்துபோகும். அதற்கும் நம் முன்னோர்கள் தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை! புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கிற சமயம். மதுரைக் காற்றில் ஈரம் ஏறுவதற்கு முன்னால் எண்ணெய் போட இதைவிட நல்ல நாள் காலண்டரில் இல்லை. மழை ஓய்ந்து தை பிறந்ததும் இன்னொரு தரம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பூஜையில் வைத்தால் குழலின் மேல் சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பாதீர்கள். அந்த ஈரம் காய்வதற்குள் அடியில் துரு ஆரம்பித்துவிடும். அடுத்த வருஷம் பொட்டைத் துடைத்தால், பொட்டு வடிவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும்.

பொட்டை லைசென்ஸ் புத்தகத்தின் அட்டைக்கு வையுங்கள். அப்படியே உள்ளே திறந்து, புதுப்பிக்க வேண்டிய தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்களைக் காப்பாற்றுகிற ஆயுதம் அதுதான்!